ஏர்பேட்டில் சீனத் திரை

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டாவைத் தாண்டினால் ஏர்பேடு. அதை ஒட்டிய விக்ருதமாலாவில் சீனாவின் டிசிஎல் நிறுவனத் திரை ஆலைக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அறிவித்த முதலீடு சுமார் 2,200 கோடி ரூபாய். நல்ல நேரம்தான். 2020 ஏப்ரலில், நில எல்லையைப் பகிரும் நாடுகளின் புது முதலீடுகளுக்கு மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயமாகிவிட்டது.

சரி, டிவித் திரைக்குள் இருக்கும் திரவப் படிகத்தை முதலில் கவனித்தவர் யார் தெரியுமா? ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர், 1888-இல். கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலில் செய்த சேர்மத்தைச் சூடாக்கினார். 145 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178-ஐத் தாண்டியதும் பளிச்செனத் தெளிந்தது. அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். 1977-இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிலையத்தில் எஸ். சந்திரசேகர் குழுவினர், தட்டு வடிவ மூலக்கூறுகளிலும் இந்த நிலை உண்டு என்று கண்டறிந்தார்கள்.