படிவத்தை வாசித்துக் காட்டினால் போதுமா?

அக்டோபர் 10 உலக மனநல நாள். அதற்குள் பதில் வேண்டும் என்று வந்த கடிதங்களில் ஒரே குழப்பம்: அதிகம் படிக்காதவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சை என்றால், மற்றவர்கள் நிரப்பும் அதே படிவத்தை உரக்க வாசித்துக் காட்டுவதுதானா?

அல்ல. பதற்றத்துக்கான வழக்கமான சிகிச்சையில் நோயாளி வீட்டில் ஒரு தாள் நிரப்ப வேண்டும்: என்ன எண்ணம் வந்தது, பயம் நூற்றுக்கு எத்தனை, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா. வாசித்துக் காட்டினாலும் இது பரீட்சைதான். கடைசிக் கேள்வி இன்னும் மோசம். மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருப்பவரிடம், “வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டுப் பாருங்கள்.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’ இந்தக் கேள்வியை ஓரங்கட்டியது. நகராட்சி கிளினிக் வளாகத்தில் ஒரு மர பெஞ்ச். அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. ‘பணிப் பகிர்வு’ என்பது இதற்கு அதிகாரிகள் வைத்த பெயர். டாக்டர் இல்லை என்பதை அப்படியும் சொல்லலாம்.

வந்தவர் தன் தொல்லைகளையெல்லாம் கொட்டுகிறார். அவற்றில் ஒன்றை அவரே எடுக்கிறார். அதற்கான வழிகளையும் அவரே சொல்கிறார். அடுத்த முறை வருவதற்குள் செய்ய வேண்டிய ஒரு காரியத்தோடு எழுந்து போகிறார்: வீட்டுக்காரரை நேரில் பார்த்துத் தவணை கேட்பது, அவ்வளவுதான். ஒன்றே ஒன்று என்பதால் எழுதி வைக்கத் தேவையில்லை. கெட்டிக்காரத்தனம் அங்கே இருக்கிறது.

ஆபத்தும் அங்கேதான். அந்த ஒன்றைப் பாட்டியே எடுத்துக் கொடுத்துவிட்டால்? “நான் சொல்றதைக் கேளு” என்று ஒரு வார்த்தை விழுந்தால் சிகிச்சை முடிந்து உபதேசம் தொடங்கிவிடும். பெரியவர்கள் சொல்லைத் தட்டாத ஊர்களில் இதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பதும் கடினம். ‘இத்தனை லட்சம் பேரைச் சென்றடைந்தோம்’ என்ற அறிக்கைகளில் இது தெரியவே தெரியாது.

பலன் உண்டா? 2016இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 24 கிளினிக்குகள், 573 பேர். பதற்றம், மனச்சோர்வு இரண்டையும் துருவும் 14 கேள்விகள். பதில் ஆம், இல்லை மட்டும். ஆறு மாதம் கழித்து பெஞ்சுக்கு வந்தவர்களின் சராசரி மதிப்பெண் 3.81; கிளினிக்கின் வழக்கமான கவனிப்பைக் கூடுதல் உதவியோடு பெற்றவர்களுக்கு 8.90. குறைவுதான் நல்லது. ஆறு மாதத்துக்கு அப்பால் என்ன ஆனது என்பதை இந்த எண்கள் சொல்லாது.

எத்தனை முறை போக வேண்டும்? ஆறு.

மருந்து வேண்டாமா? சிலருக்கு வேண்டும், பெஞ்ச் மருத்துவருக்கு மாற்று அல்ல.

எல்லாப் பதற்றத்துக்கும் ஆகுமா? ஆகாது. பஸ் ஏறவே நடுங்குபவரைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். அதற்கும் எழுத்தறிவு தேவையில்லை.

தமிழில் உடனே யாரிடம் பேசலாம்? இந்தியாவில் ‘டெலி மானஸ்’ தொலைபேசி உதவி, 14416, இலவசம், எந்நேரமும்.