ஓடுபாதையில் உருளும் பந்து



உலகப் படத்தில், பசிபிக் பெருங்கடலின் நடுவே கூர்ந்து தேடினால்தான் தூவாலு என்னும் நாடு கண்ணில் படும். ஒன்பது தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதன் பரப்பு 26 சதுர கிலோமீட்டர்தான்; நமது பங்கோர் தீவைவிடச் சற்றே பெரிது. மக்கள் தொகை ஏறத்தாழ 11,000. 'எட்டும் இணைந்து நிற்பது' என்பது நாட்டுப் பெயரின் பொருள். ஒன்பதாம் தீவில் மக்கள் பிற்பாடே குடியேறியதால் பெயர் எட்டோடு நின்றுவிட்டது.

அங்கே காற்பந்தின்மேல் பற்றுக்குக் குறைவில்லை, இடத்திற்குத்தான் குறைவு. தலைநகர் பூனாபூட்டியில் மக்கள் நெருங்கி வாழும் நிலத்துண்டு, மிக அகன்ற இடத்திலும் 400 மீட்டர் அளவே. அதிலும் கணிசமான பகுதியை, 1943இல் அமெரிக்கப் படையினர் அமைத்த விமான ஓடுபாதை அடைத்துக்கொண்டது. வாரத்தில் சில விமானங்களே வருவதால், வெயில் தாழ்ந்ததும் சிறுவரும் பெரியவரும் பந்தோடு அங்கே கூடிவிடுகின்றனர். விமானம் வருமுன் சங்கு ஊதும், எல்லாரும் ஒதுங்கிக்கொள்வர். தோட்டத்துச் சங்கொலி கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று.

உலகக் காற்பந்துக் கழகத்தில் தூவாலு உறுப்பினர் அன்று. ஆயினும் 2007இல் சமோவாவில் நடந்த தென்பசிபிக் விளையாட்டுப் போட்டியில் அது களமிறங்கியது. பிஜியிடம் 16 கோல்கள் வாங்கித் தோற்ற அதே குழு, தாஹித்தியுடன் 1–1 எனச் சமநிலை கண்டது!

இத்தகைய நாட்டிற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது ஃபுட்சால். 1930இல் உருகுவே நாட்டின் ஆசிரியர் உவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்துத் தளத்தில் ஆடுவதற்காக இதனை வகுத்தார். பக்கத்திற்கு ஐவர், தளம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். முழு அளவுக் காற்பந்துத் திடல் ஒன்றில் இத்தகைய தளங்கள் எட்டு அல்லது ஒன்பது அடங்கும். பந்து சிறியது, அதிகம் துள்ளாது. வெளியே போன பந்தைக் கையால் எறியாமல், நான்கு விநாடிக்குள் காலால் உதைத்து உள்ளே அனுப்ப வேண்டும். ஆகவே உடல் வலிமையைவிட விரைந்த சிந்தனைக்கே இங்கு வேலை அதிகம்.

2008இலும் 2010இலும் பிஜியின் சுவா நகரில் நடந்த ஓசியானியா ஃபுட்சால் போட்டிகளில் தூவாலு கலந்துகொண்டது. இருமுறையும் கோப்பை சாலமன் தீவுகளுக்கே சென்றது. அந்தச் சாலமன் குழுவும் 2008 உலகக் கிண்ணத்தில் ரஷ்யாவிடம் 31–2 எனப் படுதோல்வி அடைந்த குழுதான். நான்கே ஆண்டுகளில், 2012இல், அது குவாத்தமாலாவை 4–3 என வென்றது. தெருவில் ஆடிப் பழகிய இளைஞர்கள் விடாமல் ஆடியதன் பயன் அது.

தூவாலுக்கு முதல் தேவை சமதளமான சிமெண்டுத் தரை என்பது என் எண்ணம். பவள மண்ணில் நல்ல புல் வளர்ப்பது அரிது. ஓடுபாதையோ என்றும் விமானத்திற்கு உரியது. மற்றொரு கவலையும் உண்டு. கடல் மட்டம் உயர்ந்துவரும் நிலையில், ஆஸ்திரேலியாவுடன் செய்த ஒப்பந்தம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 280 பேர் வரை அங்குச் சென்று குடியேறலாம். செல்வோரில் இளைஞர் பலர் இருப்பர். இருபத்திரண்டு பேரைத் திரட்ட இயலாத தீவிலும், மாலையில் பத்துப் பேர் கிடைத்துவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும்.