“அஞ்சே நிமிஷம்தான், மணி!”

இந்த வாரம் நான் பண்ண ஒரு தப்போட ஆரம்பிக்கிறேன்.

போன மே மாசம், மத்தியானம். எங்க வீட்டு நாட்டு நாய் மணிக்குத் தடுப்பூசி போட்டுட்டு, அண்ணா நகர் வழியா கார்ல திரும்பிக்கிட்டு இருந்தோம். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கணும். மெடிக்கல் ஷாப் வாசல்ல நிறுத்தி, ஜன்னலை ரெண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, “அஞ்சே நிமிஷம்டா”ன்னு மணிகிட்ட சொல்லிட்டுப் போனேன்.

எனக்கு முன்னாடி ரெண்டு பேர். ஒரு மாத்திரையை மாடியில இருந்து எடுத்துட்டு வரணும்னாங்க. பணம் அனுப்பினா, யுபிஐ சுத்திக்கிட்டே இருக்கு. திரும்பி வந்தப்போ 14 நிமிஷம் ஆகியிருந்தது. மணி நாக்கு முழுசா வெளிய தொங்க, கோந்து மாதிரி எச்சில் வழிய, எழுந்து நிக்க முடியாம தள்ளாடினான்.

அன்னிக்கு அவன் பிழைச்சிட்டான். ஆனா 14 நிமிஷத்துல என்ன நடந்ததுன்னு புரிஞ்சுக்காம என்னால விட முடியல.

வெயில் கண்ணாடி வழியா உள்ளே வந்து சீட்டையும் டேஷ்போர்டையும் சூடாக்குது. அந்தச் சூடு காத்துக்குப் போகுது. சூடான காத்து வெளியேற வழியில்லை. 2005-ல ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வுல, வெயில்ல நின்ன காரை அளந்து பார்த்தாங்க. ஒரு மணி நேரத்துல சராசரியா 22 டிகிரி செல்சியஸ் ஏறுது. அதுல 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்துலயே ஏறிடுது. வெளியே 36 டிகிரின்னா, அரை மணியில உள்ளே 50-ஐத் தாண்டிடும். வெளியே வெறும் 22 டிகிரி இருந்த நாள்லயும் உள்ளே 47 வரை போச்சு. அதனால ஊட்டிக்குப் போனாலும் இது பொருந்தும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறதால பெரிய வித்தியாசம் இல்லைன்னும் அதே ஆய்வு சொல்லுது. என் ரெண்டு விரல் இடைவெளி என் மனசாட்சிக்கு மட்டும்தான் உதவுச்சு.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு முக்கியமா பாதத்துல மட்டும்தான். அது மூச்சு இரைச்சுத்தான் சூட்டை வெளியேத்தணும். இழுக்குற காத்தே கொதிச்சா? சூடான அறையில லேப்டாப் ஃபேன் எவ்வளவு சுத்தினாலும் பிரயோஜனம் இல்ல, அதே கதைதான். நாயோட இயல்பான உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி. 41-ஐத் தாண்டினா உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்கள் இன்னும் சீக்கிரம் விழும்.

“நாட்டு நாய் வெயிலுக்குப் பழகினது”ன்னு நானும் நினைச்சேன். தெருவுல இருந்தா அது நிழல் தேடிப் போயிடும், சாக்கடை ஓரமாவது படுத்துக்கும். பூட்டின கார்ல எங்க போகும்?

அப்படி ஒரு நாயைப் பார்த்தா, கார் நம்பரைக் குறிச்சுக்கிட்டு, கடையிலயோ மால்லயோ மைக்ல அறிவிக்கச் சொல்லுங்க. ஓனர் வரலைன்னா 112-க்குக் கூப்பிடுங்க. வெளிய எடுத்ததும் நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணியைக் கழுத்துல இருந்து வயிறு வரை ஊத்துங்க, விசிறுங்க. ஈரத் துண்டால போர்த்திட்டு அப்படியே விட்டா சூடு உள்ளேயே தங்கிடும். தண்ணியை வாய்ல திணிக்காதீங்க, தானா குடிக்கட்டும். குளிர்விச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட போங்க. எழுந்து வாலாட்டினாலும் போகணும், ஏன்னா உள்ளுறுப்புப் பாதிப்பு பல மணி நேரம் கழிச்சும் தெரியலாம்.

1960-ம் வருஷ விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கு. முதல் தடவைக்கு அதுல சொல்லியிருக்கிற அபராதம் 10-லிருந்து 50 ரூபாய். சில இடங்கள்ல பார்க்கிங் கட்டணமே அதைவிட அதிகம். அதனால சட்டம் பார்த்துக்கும்னு இருக்க முடியாது.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். “ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன்”னு சொன்ன வேலை எத்தனை வாரம் இழுத்திருக்குன்னு என் மேனேஜருக்குத் தெரியும். அதே எஸ்டிமேட்டை நம்பித்தான் மணியை உள்ள வச்சுப் பூட்டினேன். இப்போ எங்க வீட்டு ரூல் ஒண்ணுதான்: வழியில இறங்குற வேலை இருந்தா, ஒண்ணு கூட இன்னொரு ஆள் வரணும், இல்லன்னா மணி வீட்லயே இருக்கணும்.

கார் கதவோட உள்பக்கம் அவன் நகக் கீறல் இன்னும் இருக்கு. அதை நான் சரி பண்ணல.