இரு கண்களும் ஒரு காட்சியும்

மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாக் குன்றைக் காணச் செல்வோர், அதன் வடபுறத்தே செங்கல்லால் அமைந்த இரு பெரிய சிங்கப் பாதங்களைக் காண்பர். ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னன் எழுப்பிய கோட்டையின் வாயில் அது. பாதங்களிலிருந்து இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி நோக்கிப் பின்னர் மற்றைக் கண்ணை மூடி நோக்கினால், சிங்கத்தின் நகங்கள் சற்றே இடம்பெயர்ந்தன போலத் தோன்றும். இரு கண்களின் பார்வைக் கோடுகளும் அங்கே ஏறத்தாழ 1.8 பாகை வேறுபடுவதே காரணம். அதே குன்றை 200 மீற்றருக்கு அப்பால் நின்று பார்த்தால், அவ்வேறுபாடு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இரு கண்களுக்கும் கிடைக்கும் வெவ்வேறு படங்களை மூளை ஒன்றாக்கி ஆழத்தை உணர்கின்றது என்பதை 1838ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டியவர் ஆங்கில அறிஞர் சார்ள்ஸ் வீட்ஸ்டன். இன்று தலையில் அணிந்து பார்க்கும் மெய்நிகர்க் காட்சிக் கருவிக்கும் அதுவே அடிப்படை. சிகிரியாவை வகுப்பறையிலிருந்தே காட்ட வல்லது அக்கருவி. ஆனால் அதன் அளவு, அணிபவரின் கண்களுக்குப் பொருந்த வேண்டும்.

2013ஆம் ஆண்டில் ஒக்குலஸ் நிறுவனம் அனுப்பிய முதற் கருவியை நோக்குவோம். அதன் திரையின் அகலம் 149.76 மில்லிமீற்றர். ஒவ்வொரு கண்ணுக்கும் பாதித் திரை. இரு பாதிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 74.88 மில்லிமீற்றர், வில்லைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலோ 63.5 மில்லிமீற்றரே. ஆகவே, ஒவ்வொரு படத்தையும் மூக்கின் பக்கமாக ஏறத்தாழ 5.7 மில்லிமீற்றர் நகர்த்தியே வரைய வேண்டியிருந்தது. நகர்த்தாவிடின் கண்கள் வெளிப்புறமாக விரிய முயலும். அது மனிதக் கண்ணுக்கு இயல்பன்று.

வளர்ந்தோரின் கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரம் சராசரியாக 63 மில்லிமீற்றர். எனினும் பெரும்பாலோருக்கு அது 50 முதல் 75 வரை வேறுபடும். ஐந்து வயதுச் சிறுவருக்கு 40 அளவிலும் இருக்கலாம். சராசரி என்பது எல்லோருடைய முகமும் அன்று. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த குவெஸ்ட் 2 என்னும் கருவியில் 58, 63, 68 என மூன்று நிலைகளே இருந்தன. வில்லைகள் நகர்ந்தாலும் திரை நகராமையால், 68ஆம் நிலையில் காட்சியின் ஓரம் சிறிது குறைந்தது. அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கருவி பொருந்தாத பெண்களுக்குக் குமட்டலும் தலைச்சுற்றும் மிகுதியாக ஏற்பட்டமையையும், பொருந்தியவிடத்து அவர்கள் ஆண்களைப் போலவே இருந்தமையையும் காட்டிற்று.

அளந்தறிதல் எளிது. கண்ணாடியின் முன் நின்று, தூரத்தே நோக்குவது போல நேராகப் பார்த்து, அடிமட்டத்தைப் புருவத்தருகே பிடிக்க வேண்டும். வலக்கண்ணை மூடி, இடக் கண்மணியின் நடுவோடு பூச்சியத்தைப் பொருத்துக. பின்பு தலையை அசைக்காமல் இடக்கண்ணை மூடி, வலக் கண்மணியின் நடுவிலுள்ள எண்ணை வாசிக்க. இருமுறை மூன்றுமுறை அளந்தால் பிழை குறையும்.

வகுப்பிலே ஒரு பிள்ளை கருவியைக் கழற்றி, "தலை வலிக்கிறது" என்று கூறுமாயின், அதனைச் சாக்குப்போக்கெனக் கொள்ளலாகாது. முதலிற் பார்க்க வேண்டியது வில்லைகளின் இடைவெளியையே. குறை பிள்ளையின் கண்ணில் இல்லாதிருக்கலாம். வேறொரு முகத்துக்கு அளந்து செய்த கருவியில் இருக்கலாம்.