ஒதுக்கிய சிறுநீரகம்

தென்னாப்பிரிக்கா என்றதும் நம் நேயர்களுக்கு மகாத்மா காந்தியும், 1893-ல் அவரை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனும் ஞாபகத்துக்கு வருவது சகஜம். கையில் முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் அவருக்கு இடமில்லை என்றார்கள். அந்தத் தேசத்தில் நிறவெறி ஆட்சி தொலைந்த பிறகும் "இடமில்லை" என்ற பதிலைக் கேட்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. அவர்கள் கேட்டது டயாலிஸிஸ் யந்திரத்தின் அருகில் ஒரு கட்டில்.

டர்பன் நகரவாசியான இந்திய வம்சத்தவர் ஒருவரின் வழக்கு பிரசித்தமானது. அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. சர்க்கார் ஆஸ்பத்திரியில் யந்திரங்கள் சில, நோயாளிகளோ பலர். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்ளத் தகுதியுள்ளவர்களுக்கே நீடித்த டயாலிஸிஸ் என்று அங்கே விதி. இவருக்கு இருதய நோயும் இருந்தபடியால் தகுதியில்லை என்று தள்ளிவிட்டார்கள். அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்று முறையிட்டார். உள்ள பொருளைக் கொண்டு நேர்மையாக வகுத்த விதியில் தலையிட முடியாது என்று 1997 நவம்பரில் தீர்ப்பாயிற்று. சின்னாட்களில் அவர் காலமானார்.

இவருக்கு எச். ஐ. வி. கிடையாது. ஆனால் எச். ஐ. வி. உள்ளவர்களை இந்த விதி இன்னும் கடுமையாகத் தாக்கியது. மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவர்கள் லாயக்கற்றவர்கள் என்பது அக்காலத்து அபிப்பிராயம். ஆகவே டயாலிஸிஸும் இல்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னால், வீட்டுக்குப் போய் நாளை எண்ணு என்பதே அதன் பொருள்.

எச். ஐ. வி. கிருமிக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இந்தக் கிருமி ரத்தத்தின் காவல் அணுக்களை அழிப்பதோடு நிற்பதில்லை. சிறுநீரகத்தின் அணுக்களுக்குள்ளும் புகுந்து குடியேறுகிறது. ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய சல்லடைகள் சுருங்கித் தழும்பேறுகின்றன. உடம்புக்கு வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறுகிறது. சிகிச்சையில்லாவிடில் சில மாதங்களிலேயே சிறுநீரகம் ஓய்ந்துவிடவும் கூடும். 1984-ல் நியூயார்க், மயாமி நகரங்களின் வைத்தியர்கள் இதை முதலில் விவரித்தார்கள். ஆப்பிரிக்க வம்சத்தவரிடமே இது மிகுதியாகக் காணப்பட்டதன் மர்மம் 2010-க்குப் பிறகுதான் துலங்கிற்று. அவர்களில் பலரிடம் உள்ள ஒரு ஜீன் மாறுதல், ஆப்பிரிக்காவின் தூக்க வியாதிக் கிருமியிலிருந்து உடம்பைக் காக்கிறது. அதே மாறுதல் தாய், தந்தை இருவர் வழியிலும் வந்து சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பலவீனப்படுத்துகிறது. ஒரு திருடனுக்கு அஞ்சிப் போட்ட வேலியே மற்றொரு திருடனுக்கு ஏணியானது போல!

2004-லிருந்து தென்னாப்பிரிக்க சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எச். ஐ. வி. மருந்துகள் கிடைக்கலாயின. தினந்தோறும் மருந்து உண்டவர்களின் ரத்தத்தில் கிருமி கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்கு அடங்கிற்று. அவர்கள் பிழைத்தார்கள்; வேலைக்குப் போனார்கள். ஆனால் முன்பே சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு அந்த மருந்தினால் புதுச் சிறுநீரகம் முளைக்குமா?

கேப் டவுனில், மலைச் சரிவில் நிற்கிறது க்ரூட் ஷூர் ஆஸ்பத்திரி. 'பெரிய களஞ்சியம்' என்பது அந்தப் பெயருக்கு அர்த்தம். 1967 டிசம்பரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகிலேயே முதன்முதலாக ஒரு மனிதரின் இருதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தியது இங்கேதான். அங்கே ரண சிகிச்சை நிபுணராயிருந்த டாக்டர் எல்மி முல்லர் என்னும் அம்மையார் ஒரு விபரீதத்தைக் கவனித்தார். மூளை செயலற்று இறந்தவர்களின் சிறுநீரகங்கள், அவர்களுக்கு எச். ஐ. வி. இருந்தது என்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டு வந்தன. அதே காரணத்துக்காகவே நோயாளிகளும் ஒதுக்கப்பட்டு வந்தார்கள். இவற்றை அவர்களுக்குக் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வி ஒரு குழந்தையும் கேட்கக் கூடியதாக நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் கேட்டுச் செய்து பார்க்க 2008 வரையில் யாரும் துணியவில்லை.

பயம் வீணானதன்று. கொடுப்பவரின் கிருமி வேறு ரகமாயிருந்து, மருந்துக்குப் படியாததாகவும் இருந்தால், வாங்குபவரின் கதி என்ன? அன்றியும், அந்நிய உறுப்பை உடம்பு நிராகரிக்காதிருக்கக் கொடுக்கும் மருந்து, உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்குவது. ஏற்கெனவே அந்த சக்தி குன்றியவருக்கு அதைக் கொடுப்பதா? இரு மருந்துகளும் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. சில எச். ஐ. வி. மருந்துகள் 'டாக்ரோலிமஸ்' என்னும் மருந்தை ரத்தத்திலேயே தங்கச் செய்துவிடுகின்றன. சாதாரணமாக நாளைக்கு இருவேளை உண்ண வேண்டியதை, வாரத்துக்கு ஒரு முறை சிறிதளவு உண்டாலே போதும் என்றாகிவிடுகிறது. கணக்குத் தவறினால் புதுச் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

2015-ல் டாக்டர் முல்லரும் சகாக்களும் 27 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். ஐந்து வருஷ முடிவில் உயிருடனிருப்போர் நூற்றுக்கு 74 என்று கணக்காயிற்று. நிராகரிப்பு சிலருக்கு நேர்ந்தது, சிலர் இறந்தார்கள். ஆனால் பயந்தபடி கிருமி தலைதூக்கவில்லை.

அமெரிக்காவில் 1988-லிருந்து இத்தகைய தானத்தையே சட்டம் தடுத்திருந்தது. கேப் டவுன் செய்தி அங்கே எட்டிய பின், 2013-ல் ஆராய்ச்சிக்காக மட்டும் தடை நீங்கிற்று. 2019-ல் எச். ஐ. வி. உள்ள ஒரு பெண்மணி உயிருடனிருக்கும்போதே தம் சிறுநீரகங்களில் ஒன்றைத் தானம் செய்தார். 2024-ல் 198 பேரைக் கொண்ட ஆராய்ச்சி வெளியாயிற்று. அனைவரும் எச். ஐ. வி. உள்ளவர்கள்; சரிபாதிப் பேர் எச். ஐ. வி. இருந்தவர்களிடமிருந்தும், மற்றப் பாதியினர் இல்லாதவர்களிடமிருந்தும் சிறுநீரகம் பெற்றவர்கள். ஒரு வருஷ முடிவில் பிழைத்திருந்தோர் முறையே நூற்றுக்கு 94, 95. அவ்வருஷம் நவம்பரில், சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஆராய்ச்சி என்ற நிபந்தனையும் அங்கே எடுபட்டது.

டர்பன்காரர் வழக்கில் பேசப்பட்ட விதியோ, யந்திரங்களின் பஞ்சத்தில் பிறந்தது. அந்தப் பஞ்சம் தென்னாப்பிரிக்க சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. கட்டில் கிடைக்குமா என்று நோயாளியோடு வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு.