இரத்தம் சொல்லும் செய்தி

"இருமல் இருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? எங்கே வலிக்கிறது?" காய்ச்சலுடன் மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்கும் கேள்விகள் இவை. நீங்கள் சொல்லும் பதிலிலிருந்தே பாதி நோயை அவர் ஊகித்துவிடுவார். ஆனால் நோயாளியால் பேசவே முடியாவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்படிப்பட்ட நோயாளிகள் உண்டு. விபத்தாலோ கடும் நோயாலோ அவர்களால் தாமாக மூச்சுவிட இயலாது. எனவே வாய் வழியாக ஒரு குழாயை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, அதைச் செயற்கைச் சுவாசக் கருவியுடன் இணைத்துவிடுவார்கள். கருவி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும். குழாய் குரல் நாண்களுக்கு நடுவே செல்வதால் நோயாளி பேச முடியாது. பெரும்பாலும் அவர் மயக்க மருந்தின் பிடியிலும் இருப்பார்.

உயிரைக் காக்கும் அந்தக் குழாயே கிருமிகளுக்கும் வழிவிடுகிறது. தண்ணீர் புரையேறினால் நாம் இருமி வெளியே தள்ளிவிடுகிறோம் அல்லவா? இந்த நோயாளியால் அப்படி இரும முடியாது. வாயிலும் தொண்டையிலும் உள்ள பாக்டீரியாக்கள் உமிழ்நீருடன் குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலை அடைகின்றன. குழாய் பொருத்தி 48 மணி நேரத்துக்குப் பின் இவ்வாறு தோன்றும் நோயைச் சுவாசக் கருவி சார்ந்த நிமோனியா என்பர்.

மருத்துவரின் சங்கடம்

இதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. காய்ச்சல் அடிக்கிறதே என்றால், அறுவை சிகிச்சைக்குப் பின்னும் தீக்காயத்தாலும் காய்ச்சல் வரும். எக்ஸ்ரே படத்தில் நிழல் தெரிகிறதே என்றால், நுரையீரலில் நீர் கோத்தாலும் நிழல் தெரியும். சளியை எடுத்துக் கிருமிகளை வளர்த்துப் பார்க்க இரண்டு, மூன்று நாட்கள் ஆகும். கிருமி வளர்ந்தாலும், அது நோயை உண்டாக்கியதா, குழாயில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்ததா என்ற ஐயம் தீராது.

மருந்தைத் தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. சந்தேகப்பட்ட எல்லோருக்கும் பல நாட்கள் ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தாலோ, அம்மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்கள் பெருகும். அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு மருந்தே பலிக்காமல் போகலாம்.

இந்நிலையில் பேச முடியாதவரின் இரத்தத்தையே கேட்டால் என்ன?

1930-இல் கிடைத்த துப்பு

நியூயார்க்கில் உள்ள ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தனர். நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து ஒரு சர்க்கரைப் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு 'சி' என்று பெயரிட்டனர். நோய் முற்றியிருந்தவரின் இரத்தத் தெளிநீரில் அதைக் கலந்தபோது வீழ்படிவு உண்டாயிற்று. நோயாளி குணமடைந்த பின் மீண்டும் சோதித்தார்கள். வீழ்படிவு உண்டாகவில்லை!

இந்த முடிவுகள் 1930-இல் வெளியாயின. வீழ்படிவை உண்டாக்கியது சி-ரியாக்டிவ் புரதம், சுருக்கமாக சி.ஆர்.பி. உடலில் அழற்சி ஏற்பட்டதும் கல்லீரல் இதை மிகுதியாக உற்பத்தி செய்கிறது. நலமானவரின் இரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கும் இப்புரதம், கடும் தொற்றில் 100-ஐயும் தாண்டும். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. எலும்பு முறிந்தாலும் அறுவை சிகிச்சை நடந்தாலும்கூட இது உயர்ந்துவிடும்.

1993-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இன்னொரு பொருளைச் சுட்டிக்காட்டினர். அதன் பெயர் புரோகால்சிடோனின். தைராய்டு சுரப்பி கால்சிடோனின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும்போது இடையில் தோன்றும் புரதம் இது. 116 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நலமானவரின் இரத்தத்தில் இது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆனால் கடுமையான பாக்டீரியாத் தொற்று கண்ட குழந்தைகளிடம் மிக அதிகமாக இருந்தது. அவ்வேளையில் தைராய்டு மட்டுமின்றி உடலின் வேறு பல திசுக்களும் இதை உற்பத்தி செய்கின்றன. வைரஸ் தொற்றில் பொதுவாக இவ்வளவு உயர்வதில்லை.

ஒரு கணக்கு

அப்படியானால் ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தால் போதுமா? போதாது. சுவாசக் கருவியில் இருப்பவரின் உடல் ஏற்கெனவே பலவிதமாக அடிபட்டிருக்கும். ஓர் எண்ணை மட்டும் பார்த்து நிமோனியா உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொன்னால் தவறிவிடும். எனவே 2016-இல் வெளியான அமெரிக்க மருத்துவ வழிகாட்டி, மருந்தைத் தொடங்கும் முடிவை நோயாளியின் உடல்நிலையைப் பார்த்தே எடுக்கவேண்டும் என்றது. மருந்தை நிறுத்தும் முடிவுக்குப் புரோகால்சிடோனின் அளவையும் துணைக்கொள்ளலாம் என்றது.

நிறுத்துவதற்கு இது எப்படி உதவும்? பென்சிலை எடுங்கள். புரோகால்சிடோனின் உற்பத்தி நின்றுவிட்டால், இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒரு நாளில் பாதியாகும். இன்று ஒரு மில்லிலிட்டரில் 8 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நாளை 4, மறுநாள் 2, மூன்றாம் நாள் 1, நான்காம் நாள் 0.5. உச்ச அளவிலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ, 0.5-க்குக் கீழே வந்தாலோ மருந்தை நிறுத்துவது பற்றி எண்ணலாம் என்பது பல ஆய்வுகளில் பின்பற்றிய விதி. நம் கணக்கில் எந்த நாளில் அந்த எல்லையைத் தாண்டுகிறோம், சொல்லுங்கள்! உண்மையான நோயாளியிடம் உற்பத்தி சட்டென்று நிற்பதில்லை. ஆகவே இறங்க இன்னும் சில நாட்கள் ஆகலாம்.

2009-இல் வெளியான ஓர் ஆய்வில், சுவாசக் கருவி சார்ந்த நிமோனியா கண்ட 101 பேரை இரு குழுக்களாகப் பிரித்தனர். புரோகால்சிடோனினைப் பார்த்து மருந்தை நிறுத்திய குழுவில் சிகிச்சைக் காலம் 27 சதவீதம் குறைந்தது. இறப்பு விகிதமோ இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

டில்லெட்டும் பிரான்சிசும் கண்டதை எண்ணிப் பாருங்கள். நோய் இருக்கும்போது தோன்றியது ஒரு செய்தி. குணமானதும் மறைந்தது இன்னொரு செய்தி. இனி யாருடைய பரிசோதனைச் சீட்டிலாவது சி.ஆர்.பி. என்ற எழுத்துக்களைக் கண்டால், "இன்று எவ்வளவு?" என்பதோடு "நேற்று எவ்வளவு இருந்தது?" என்றும் கேளுங்கள்.