நிலவு தரும் தவணை

புறநானூற்றின் 112ஆம் பாட்டை நீங்கள் பாடசாலைக் காலத்திலேயே படித்திருப்பீர்கள். பாரி மகளிர் பாடிய ஐந்தே அடிகள். சென்ற மாதத்து நிலவிலே தந்தை இருந்தார், பறம்புமலையும் இருந்தது. இந்த மாதத்து நிலவிலே இரண்டும் இல்லை. செய்தி இவ்வளவுதான். கண்ணீர் என்ற சொல்லே அதில் இல்லை. பகைவரைச் சபிக்கும் சொல்லும் இல்லை. நிலவை அளவுகோலாக வைத்துக்கொண்டு, போனவை எவையென்று அந்தப் பெண்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். அதனால்தான் அதை வெறும் ஒப்பாரி என்று கொள்ள என் மனம் ஒப்புவதில்லை. துயரை இறக்கி வைப்பதற்கு முன் அதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பாட்டு எனக்கு விளங்கியது புத்தகத்தில் அல்ல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதிப் பூரணை, வலிகாமத்தில் எங்கள் முற்றத்து மாமரத்துக்கு மேலாக எழுந்தது. 30ஆம் திகதி இரவு ஊரே எழுந்து நடந்தது. நவம்பர் 7ஆம் திகதிப் பூரணையைக் கொடிகாமத்தில் ஒரு பாடசாலை விறாந்தையிலிருந்து கண்டோம். நான் பார்க்க மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். “உது அதே நிலவுதான் மோனை. எழும்பிப் பார். இதுக்கு ஆரும் வாடகை கேக்கமாட்டினம்” என்றார் அம்மா.

அம்மா இப்போது இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவ மரபிலே, தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தவர்கள் சித்திராப் பூரணையிலும் விரதம் இருப்பார்கள். தந்தைக்கு இருள்நாள், தாய்க்கு ஒளிநாள். இப்படிப் பங்கிட்டதற்குப் புராண விளக்கங்கள் உண்டு. அவற்றைப் பண்டிதர்களிடம் விட்டுவிடுவோம். கோவிலிலே சித்திரகுப்தர் கதை படிப்பார்கள், கஞ்சி வார்ப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அம்மா மறைந்த முதலாண்டில், காலைத் தேநீர் தொடக்கம் இரவுப் பாய் வரை அவர் நினைவாகவே இருந்தது. விரதம் பிடிக்கத் தொடங்கிய பின் அந்தத் துயருக்கு ஒரு திகதி கிடைத்தது. ஆவணியிலோ மார்கழியிலோ நெஞ்சு கனத்தால், “சித்திரை வரட்டும்” என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. மறந்துவிடு என்றால் மனம் கேட்பதில்லை. பொறு என்றால் ஓரளவுக்குக் கேட்கிறது.

நமது நாட்டுப் பௌத்தர்களின் போயா வழக்கமும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. (1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயாவே வார விடுமுறையாக இருந்ததை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.) பூரணையன்று வெள்ளை உடுத்து விகாரைக்குச் சென்று எட்டுச் சீலங்களை ஏற்பவர், நண்பகலுக்குப் பின் உணவு கொள்வதில்லை. ஆடல், பாடல், அணிகலன், உயர்ந்த படுக்கை யாவும் விலக்கு. இது ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்குமான ஏற்பாடு. மறுநாள் வீடு திரும்பினால் கட்டிலும் வானொலியும் அங்கேயே காத்திருக்கும். ஒருநாள் விடத் தெரிந்தவருக்கு அவற்றின் மீதுள்ள பிடி சற்றுத் தளர்ந்திருக்கும் அல்லவா? மாதந்தோறும் பழகும் பயிற்சி இது.

நிலவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பூரணை என்பது உண்மையில் ஒரு கணம். பூமிக்கு ஒரு புறம் சூரியனும் மறுபுறம் சந்திரனும் எதிரெதிரே வரும் அந்தக் கணம் பகலிலே நிகழ்ந்தால், நம் கண்ணுக்கு எட்டாமலே போய்விடும். கொடிகாமத்திலே நாங்கள் கண்ட பூரணையும் அப்படித்தான். நிலவு எழுமுன்னரே அது தேயத் தொடங்கியிருந்தது. நாம் முழுமை என்று வியப்பது, பல வேளைகளில் முழுமை கழிந்த பின்னைய ஒளியே. அடுத்த பூரணைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் காத்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும். 1969இல் மனிதர் நிலவில் வைத்துவந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்து அளந்ததில், சந்திரன் ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்ரிமீற்றர் வீதம் பூமியை விட்டு விலகிச் செல்கிறது என்று கண்டிருக்கிறார்கள்.

ஆகவே பூரணையன்று மட்டும் பார்த்துவிட்டு எழும்பிவிடாதீர்கள். தொடர்ந்து மூன்று மாலை பாருங்கள். முதல்நாள் சூரியன் மறையுமுன்னரே நிலவு கிழக்கில் நிற்கும். பூரணையன்று ஒன்று இறங்க மற்றது ஏறும். மூன்றாம் நாள் நிலவு சுமார் 50 நிமிடம் பிந்திவிடும். பொழுதுபட்டு, கிணற்றடி இருண்டு, கிழக்கிலே எதுவும் தெரியாத அந்த இடைவேளையில் அநேகர் உள்ளே போய்விடுகிறார்கள். நான் அந்த நேரத்தில்தான் கதிரையை முற்றத்துக்கு எடுத்து வருகிறேன்.